பாஸ் இல்லாத ஒரு தட்டும், ஒரு பாஸ் கலைஞரின் முதல் தட்டும்

பெங்களூருவில் ஜாஸ் ஃபியூஷனின் வரலாற்றைப் பேசத் தொடங்கும் எவரும் வெகு விரைவில் 'ஜோதி' என்ற இசைத்தட்டுக்கு வந்து சேர்வார்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோவும் பெங்களூருவின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவும் 1983 பிப்ரவரியில் ஜெர்மனியில் பதிவு செய்த தட்டு அது. சென்ற வாரம் ஒரு கலந்துரையாடலில் முதுகலை மாணவர் ஒருவர் என்னிடம் எளிமையான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "ஜாஸ் என்கிறீர்கள், இதில் பாஸ் வாசித்தவர் யார்?" ஒருவரும் இல்லை. பாஸ் இல்லை, பியானோ இல்லை, டிரம் செட்டும் இல்லை. அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. முழு விடைக்குப் பத்தாண்டுகள் பின்னே சென்று, ஒரு பாஸ் கலைஞரின் முதல் தட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. இப்பதிவு அதற்காக. நீளமாக இருக்கும், பொறுத்தருள்க.

1973 டிசம்பரில் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த லுட்விக்ஸ்பர்க்கில், பவர் ஒலிப்பதிவுக் கூடத்தில், எபர்ஹார்ட் வெபர் என்ற 33 வயதுக் கலைஞர் தம் பெயரிலான முதல் தட்டைப் பதிவு செய்தார். 'தி கலர்ஸ் ஆஃப் க்ளோயி' என்பது அதன் பெயர். வெளியிட்டது மியூனிக்கின் ஈ.சி.எம். நிறுவனம். 1969இல் அதைத் தொடங்கிய மான்ஃப்ரெட் ஐக்கரும் பாஸ் பயின்றவர் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். வெபர் சிறுவயதில் செல்லோ கற்றவர். பதின்பருவத்தில்தான் பாஸுக்கு வந்தார். இத்தட்டில் பாஸோடு செல்லோவையும் அவரே வாசிக்கிறார். ஸ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவின் செல்லோக்களும் உண்டு. ரைனர் ப்ரூனிங்ஹவுஸின் பியானோவும் சிந்தசைசரும், ஆக் வான் ரோயனின் ஃப்ளூகல்ஹார்னும் சேர்கின்றன.

இத்தட்டு எதை மாற்றியது? அதுவரை ஜாஸில் பாஸுக்கு விதிக்கப்பட்டிருந்த கடமை தெளிவானது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு சுரமாக நடந்துசென்று, மாறிக்கொண்டே இருக்கும் ஒத்திசைக் கோவைகளின் அடிச்சுரத்தை அறிவிப்பது. அதன்மேல் பிறர் கட்டுவது. அந்த நடையை வெபர் பெரும்பாலும் கைவிட்டார். மின்னொலிப் பெருக்கியோடு இணையும், உடற்பகுதி சுருங்கிய நிமிர்ந்த பாஸ் ஒன்றை அவர் கையாண்டார். அதன் ஒலி நெடுநேரம் நின்று ஒலிக்கும்; அதனால் பாட முடிந்தது. கீழே கிடந்த பாஸ் மேலேறி மெட்டை ஏந்தியது. அடித்தளம் வேண்டிய இடங்களில் ஒரே சுரத்தையோ ஒரு சிறு சுரக்கோவையையோ திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் பிற கருவிகளை உலவவிட்டார். பின்னாளில் மேற்புறத்தில் ஒரு தந்தியைக் கூட்டி அக்கருவியை ஐந்து தந்திகள் கொண்டதாக்கினார்.

தந்தியைக் கூட்டிய கதை பெங்களூருவாசிகளுக்குப் புதிதன்று. மைசூர் சௌடையா 1920களில் வயலினுக்கு மூன்று தந்திகளைச் சேர்த்து ஏழு தந்திகளாக்கினார். அந்த வயலினின் உருவில் எழுந்த மண்டபத்தை மல்லேஸ்வரத்தில் நாம் தினமும் கடந்துபோகிறோம். சௌடையாவின் நோக்கம் ஒலிபெருக்கி இல்லாத அரங்குகளில் ஒலியைத் தடிப்பாக்குவது. வெபரின் நோக்கம் எல்லையை மேலே நீட்டுவது. காரணங்கள் வேறு, ஆனால் பயிற்சிமரபு வரையறுத்த பணிக்குள் தம் கருவி அடங்கவில்லை என்ற உணர்வு இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இனி நாகசுரத்துக்கு வருகிறேன். மரியானோ 1923இல் பாஸ்டனில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். சார்லஸ் மிங்கஸின் 1963ஆம் ஆண்டுத் தட்டான 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்துப் புகழ்பெற்றவர். (மிங்கஸும் பாஸ் கலைஞரே. மரியானோவின் வாழ்வைப் பாஸ் கலைஞர்களின் வரிசையாகவே எழுதிவிடலாம் போலிருக்கிறது.) 1960களின் பிற்பகுதியில் அவர் கோலாலம்பூருக்குச் சென்று மலேசிய வானொலியின் இசைக்குழுவோடு பணியாற்றினார். அங்கேதான் நாகசுரத்தைக் கேட்டார்; அங்கேதான் கற்கவும் தொடங்கினார். பின்னர் தென்னிந்தியாவுக்கும் வந்து பயின்றார்.

ஜாஸ் வரலாறுகளில் இந்நிகழ்வு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகும். ஓர் அமெரிக்கரின் ஆர்வம், ஒரு 'கீழைத்தேயக் கருவி'. அக்கருவி கோலாலம்பூரில் ஏன் இருந்தது என்ற கேள்வியை அந்த வாக்கியம் எழுப்புவதில்லை. ரப்பர்த் தோட்டங்களுக்கும் இரயில் பாதைகளுக்கும் ஆளெடுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் தம் தெய்வங்களையும் கொண்டுசென்றார்கள். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் தொடக்கம் 1873. கோயில் இருந்தால் திருவிழா உண்டு. திருவிழா இருந்தால் நாகசுரமும் தவிலும் உண்டு. ஓர் இசைக்கருவி கடல் கடந்ததன் பின்னால் உழைப்பாளர்களின் இடப்பெயர்வு இருக்கிறது. மரியானோவின் தேடல் உண்மையானது; அதில் எனக்கு ஐயமில்லை. அத்தேடலுக்கான கதவைத் திறந்துவைத்திருந்தவர்கள் கங்காணி முறையில் கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

1975 செப்டம்பரில் அதே லுட்விக்ஸ்பர்க் கூடத்தில் வெபர் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டைப் பதிவு செய்தபோது மரியானோ உடனிருந்தார். சொப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகசுரம் என அவருடைய கருவிகள் உறையில் குறிக்கப்பட்டுள்ளன. மொழியியல் படித்தவளாக என் கண் அச்சொல்லின் வடிவில் நின்றது. அங்கே அச்சானது 'நாகஸ்வரம்', 'நாதஸ்வரம்' அன்று. தமிழகப் பொதுவழக்கில் 'நாதஸ்வரம்' வென்றுவிட்ட நிலையிலும், பி.எம். சுந்தரம் போன்ற ஆய்வாளர்கள் வலியுறுத்தி வந்த வடிவம் முன்னையதே. ஜெர்மானியத் தட்டுறை ஒன்று இவ்விவாதத்தில் தற்செயலாக ஆய்வாளர்களின் பக்கம் நிற்கிறது!

அத்தட்டில் நாகசுரம் ஒட்டவைத்த அலங்காரமாக ஒலிக்காததற்கு ஒரு காரணம் உண்டென்று கருதுகிறேன். நாகசுரக் குழுவில் ஒத்து என்றொரு கருவி இருந்தது: நாகசுரத்தைப் போலவே தோற்றம், ஆனால் மெட்டு வாசிக்காது, ஆதார சுருதியை மட்டும் இடைவிடாது ஊதும். ஒத்து ஊதுதல் என்ற வழக்கு இன்று பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவரைக் கேலி செய்யப் பயன்படுகிறது. ஆனால் மூச்சை அறுபடாமல் சுழற்றி மணிக்கணக்கில் ஒரே சுருதியில் நிற்பது எளிய கலையன்று. பிற்காலத்தில் சுருதிப்பெட்டி வந்து அவ்வாசிப்பாளர்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. நாகசுரத்துக்கு வேண்டியது, தன்னடியில் அசையாமல் நிற்கும் ஒரு சுரம். கோவைகள் நொடிக்கொன்றாக மாறும் ஜாஸ் அடித்தளத்தில் இராகத்தின் கமகங்கள் கால்வைக்க இடமிருக்காது. கீழே சட்சமாக இருந்தது அடுத்த கணம் வேறொன்றாகிவிடும். வெபர் தம் முதல் தட்டிலேயே அந்த ஓட்டத்தை நிறுத்தியிருந்தார். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் 15 நிமிடங்களுக்கு மேல் நீளும் 'சாண்ட் கிளாஸ்' பகுதியைக் கேளுங்கள். பாஸ் ஒரே கோவையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இரட்டைச் சீவாளியின் குரலுக்கு அதனால் நிற்க நிலம் கிடைக்கிறது. வெபர் ஒத்தைக் கேட்டு அவ்வாறு அமைத்தார் என்று நான் வாதிடவில்லை. அவர் வேறு காரணங்களுக்காகத் திறந்த வெளி, நாகசுரத்துக்குப் பொருந்தும் வெளியாக அமைந்தது. தாக்கத்தைவிடப் பொருத்தமே இங்கு சரியான சொல்.

ஒப்புநோக்க ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாகசுரத்தை நிலைநாட்டி, திமிரியின் உச்சச் சுருதியிலிருந்து நாகசுரத்தைக் கீழே கொண்டுவந்தார். கருவி தாழ்ந்தபோது அதன் பாடும் திறம் கூடியது. ஸ்டுட்கார்ட்டின் பாஸோ பாடுவதற்காக மேலேறியது. இரண்டும் ஒரே தட்டில் சந்தித்தபோது இரண்டுமே தம் பழைய இடத்தில் இல்லை.

இத்தகைய சந்திப்புகளுக்கு ஃபியூஷன் என்று பெயர். அச்சொல் ஜாஸ்-ராக் கலவையின் பெயராகப் பரவுவதற்கு முன்பே, இந்திய இசையோடு சேர்ந்து தட்டுறையில் ஏறிவிட்டது: கொல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவில் பிறந்த ஜோ ஹாரியட்டும் இலண்டனில் உருவாக்கிய குழுவின் 1967ஆம் ஆண்டுத் தட்டு 'இண்டோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ்'. ஐந்து ஜாஸ் கலைஞர்களையும் இந்தியக் கருவிகளைக் கொண்ட ஐவரையும் எதிரெதிரே அமர்த்திய அக்குழுவில் பாஸும் இருந்தது, தம்பூராவும் இருந்தது. பாஸ் வாசித்தவர் ஜமைக்காவின் கோல்ரிட்ஜ் குட். அடித்தளத்தின் இரு கோட்பாடுகள் ஒரே அறையில். அத்தட்டைக் கேட்கையில், வீட்டுக்கு இரண்டு தலைவாசல் வைத்ததுபோல் எனக்குத் தோன்றும்.

உருகிக் கலத்தல் என்ற பொருள்தரும் ஃபியூஷன் என்ற உருவகம் எனக்கு எப்போதும் நிறைவளித்ததில்லை. எங்கள் துறையில் மொழிக்கலப்பை விளக்கக் கரோல் மையர்ஸ் ஸ்காட்டன் 1993இல் முன்வைத்த கோட்பாடு இங்கே அதிகம் உதவும். இருமொழியாளர் கலந்து பேசும்போது இரு மொழிகளும் சமநிலையில் கலப்பதில்லை. ஒன்று வாக்கியத்தின் சட்டகத்தைத் தரும், மற்றது அச்சட்டகத்துள் பதியும். 'பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்' என்ற வாக்கியத்தில் இரு சொற்கள் ஆங்கிலம். ஆயினும் வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழ். அவ்வாக்கியம் தமிழ் வாக்கியம். இசைக்கு இதைப் பொருத்தும்போது, எந்தக் கருவி ஒலிக்கிறது என்பதைக் காட்டிலும் சட்டகத்தை யார் தருகிறார் என்ற கேள்வி முன்னுக்கு வரும். 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' தட்டில் சட்டகம் வெபருடையது. நாகசுரம் பதிந்த மொழி.

'ஜோதி'யில் இது தலைகீழாகிறது. கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன், மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964இல் பெங்களூருவில் நிறுவிய பள்ளி. சென்னையில் ஹரிஹர சர்மா 1958இல் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்ய வித்யாலயாவுக்குச் சில ஆண்டுகள் இளையது. பக்கவாத்தியம் எனப்பட்டவற்றைத் தனித்துறையாகக் கற்பிக்கும் இத்தகைய பள்ளிகள் இல்லாவிடில் பின்னாளைய கூட்டிசை முயற்சிகள் பலவும் நிகழ்ந்திருக்கா. வித்யாலயாவின் விநாயக்ராம் 'சக்தி' குழுவில் கடம் வாசித்ததை அறிவோம். ('சக்தி'யிலும் பாஸ் கலைஞர் இல்லை. ஆகவே 'ஜோதி' இதில் முதலாவது அன்று.) மியூனிக்கின் எம்ப்ரியோ என்ற குழு 1970களின் இறுதியில் தரைவழியே இந்தியாவுக்குப் பயணம் வந்தது, பெங்களூருக் குழுவோடு அதற்கும் தொடர்பு வளர்ந்தது. மரியானோ எம்ப்ரியோவோடு முன்பே வாசித்தவர். 1983இல் லுட்விக்ஸ்பர்க்கின் அதே பவர் கூடத்தில், வெபர் தம் முதல் தட்டைப் பதிவு செய்த இடத்தில், பெங்களூருக் கலைஞர்கள் வந்து அமர்ந்தார்கள்: ஆர்.ஏ. ரமாமணி குரலும் தம்பூராவும், மணி மிருதங்கம், ஆர்.ஏ. ராஜகோபால் கடமும் மோர்சிங்கும், டி.என். சசிகுமார் கஞ்சிரா. கொன்னக்கோலும் உண்டு.

மரியானோ இதில் நாகசுரம் வாசிக்கவில்லை என்பது கவனத்துக்குரியது. சொப்ரானோ சாக்ஸபோனும் புல்லாங்குழலும் மட்டுமே. கருவியை விட்டார், கற்றதை விடவில்லை. 'வர்ஷிணி', 'சப்தரிஷி' ஆகியவற்றில் அவருடைய சாக்ஸபோன் ரமாமணியின் குரலைத் தொடர்ந்தும் ஒன்றியும் செல்கிறது. தாளக்கணக்கு கர்நாடக இசையினுடையது; நிரவலும் சுரமும் போன்ற வளர்ச்சி முறையும் அவ்வாறே. சாக்ஸபோன் இங்கே பதிந்த மொழி. அத்தட்டின் சட்டகமாக நிற்பவர் ரமாமணி.

இனி மாணவரின் கேள்வி. பாஸ் இல்லை என்பது உறையைப் படித்துச் சொல்லும் விடை. காதால் கேட்டால் வேறு. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் வாசிப்பதற்கு முன் ஈரமாகப் பிசைந்த ரவையை அப்புவார்கள். தோலின் எடை கூடி ஒலி தாழும். அங்கே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி வழுக்கும்போது எழும் கும்கி, சுருதியை வளைத்து ஏற்றும் ஆழ்ந்த நாதம். கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் காற்றின் அளவை மாற்றுகையில் பானைக்குள்ளிருந்து ஆழ்ந்த ஒலி கிளம்பும். கஞ்சிராவின் தோலை நீரால் நனைத்துத் தளர்த்தி இடக்கை விரல்களால் அழுத்தும்போது, அச்சிறு கருவியிலிருந்து அளவுக்குப் பொருந்தாத அடியொலி வரும். அடிச்சுரத்தின் நிலைத்த பகுதியைத் தம்பூரா எடுத்துக்கொள்கிறது. அசையும் பகுதியை மூன்று கலைஞர்களின் இடக்கைகள் பகிர்ந்துகொள்கின்றன. பாஸ் அங்கே இருக்கிறது. பாஸ் என்ற பெயரில் ஒருவர் இல்லை, அவ்வளவே. கருவிகளின் பெயரால் கலைஞர்களை வகைப்படுத்தும் தட்டுறையும் நூலகப் பட்டியலும் இப்பகிர்வைக் காட்டும் திறனற்றவை.

கொன்னக்கோலைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கே ஒரு குறிப்பு மட்டும். 'தகிட' மூன்று, 'தகதிமி' நான்கு, 'தகதகிட' ஐந்து என்ற அசைகளுக்குச் சொற்பொருள் இல்லை. ஆயினும் அவை தற்போக்கானவையும் அல்ல: பல்லொலி 'த', பின்னண்ண ஒலி 'க', நாமடி ஒலி 'ட' என நாவின் இடம் அசைக்கு அசை மாறிக்கொண்டே இருப்பதால்தான் அவ்வேகம் சாத்தியமாகிறது. 'ததத' என்று விரைந்து சொல்லிப் பாருங்கள். பிறகு 'தகிட' என்று சொல்லுங்கள். வேறுபாட்டை உங்கள் நாவே விளக்கும். எழுத்துக்குறிகளின்றி வாய்வழி கைமாறும் இவ்வமைப்பால்தான் பெங்களூருக் கலைஞர்கள் பிறநாட்டு இசைஞர்களோடு இத்தனை எளிதாக உரையாட முடிந்தது. மும்பையின் பாஸ் கலைஞர் மோகினி டே, 1996இல் பிறந்தவர், 2023இல் தம் பெயரிலேயே முதல் தட்டை வெளியிட்டார். அவருடைய விரல்வேகத்தை வியப்பவர்கள், அவர் கொன்னக்கோல் சொற்களை வாயால் சொல்லியபடியே அவற்றைப் பாஸ் தந்திகளில் வாசிப்பதையும் கவனித்திருப்பார்கள். வெபரின் பாஸ் பாட்டுக்காரராக விரும்பியது. இவருடைய பாஸ் மிருதங்கமாகவும் விரும்புகிறது.

கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. 'ஜோதி' இன்றும் கடைகளிலும் இணையச் சேவைகளிலும் மரியானோவின் பெயருக்குக் கீழ்தான் கிடைக்கிறது. குழுவின் பெயர் அடுத்து வரும். ரமாமணியின் பெயருக்கு உள்ளே போய்த் தேடவேண்டும். தட்டைத் தொடங்கிவைப்பது அவருடைய தனிக்குரல். அதன் போக்கை முடிவுசெய்வதும் அக்குரலே. இதை மரியானோவின் குற்றமாக நான் கருதவில்லை. அவர் இக்கலைஞர்களோடு பல்லாண்டுகள் தொடர்ந்து வாசித்தார். 1990களின் இறுதியில் 'பெங்களூர்' என்றே ஒரு தட்டுக்குப் பெயரிட்டார். 2009இல் மறையும்வரை அந்த நட்பு அறுபடவில்லை. பட்டியலிடும் முறை விற்பனையின் முறை. ஆனால் ஆய்வேடுகள் ஏன் அம்முறையை அப்படியே பின்பற்றவேண்டும்? அண்மையில் நான் படித்த இரு கட்டுரைகளில் 'மரியானோவின் ஜோதி' என்ற தொடர் கேள்வியின்றி வருகிறது. வெபரின் தட்டை வெபருடையது என்கிறோம், சட்டகம் அவருடையது என்பதால். அதே அளவுகோலை வைத்தால் 'ஜோதி' ரமாமணியின் தட்டு. என் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளில் இனி அவ்வாறே எழுதப்போகிறேன். நெறியாளரின் சிவப்பு மை என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ஒரு வேண்டுகோள். பெங்களூருவில் 1970களிலும் 80களிலும் நடந்த தாளவாத்தியக் கச்சேரிகளின் நிகழ்ச்சித்தாள்கள், வீட்டுப் பதிவு கேசட்டுகள், புகைப்படங்கள் எவரிடமேனும் இருந்தால், அவற்றைக் கொடுத்துவிடவேண்டாம். நான் வந்து படியெடுத்துக்கொள்கிறேன். ஒத்து வாசித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், குறிப்பாக மலேசியக் கோயில்களில் பணியாற்றியவர்களின் வழியினர், இதைப் படித்தால் பின்னூட்டத்தில் ஒரு சொல் எழுதுங்கள். கேசட்டுகளைப் பொறுத்தவரை மழைக்காலத்துக்கு முன் என்றால் நல்லது. சென்ற ஆண்டு எனக்குக் கிடைத்த மூன்றில் இரண்டு பூஞ்சை பிடித்திருந்தன.